ப்ரூஃப்

தங்கசாலையில் இப்போது யாரும் காசு அடிப்பதில்லை.
கச்சோரி பொரிக்கிறார்கள்.
அந்தக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்
எண்ணெய்ப் புகை வராதபடி
ஜன்னலுக்குப் பாலிதீன் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
சாய்க்கக்கூடிய விளக்கு, பத்து மடங்கு லென்ஸ்,
துணிக் கையுறை,
கொசு உட்கார்ந்தாலும் எண் மாறுகிற தராசு.

தேசம்மா செவ்வாய்க்கிழமை மதியம் வந்தாள்.
வியாசர்பாடியில் காயலான் கடை.
எடைக்கு வாங்கிய பீரோவின் லாக்கரை
உளியால் பெயர்த்தபோது
தகரத்துக்குப் பின்னால் இருந்ததாம்.
செல்போன் கவரைக் கழற்றி, அதன் முதுகிலிருந்து எடுத்தாள்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ராணியின் தலை.
எடை சரி. விளிம்பு கத்தி மாதிரி.
ஒவ்வொரு எழுத்தும்
இரண்டாவது அடியையும் வாங்கி நிமிர்ந்து நின்றது.
சந்தைக்கு அடித்ததில்லை இது.
அச்சைக் கண்ணாடியாக்கி, தகட்டுக்கும் மெருகேற்றி
யாரோ ஒரு துரைக்குக் காட்டுவதற்கென்று
அடித்துப் பஞ்சில் வைத்தது.
ஒரு படி அரிசி வாங்காதது.
ஒரு கள்ளுக்கடையும் பார்க்காதது.

"இது ப்ரூஃப்மா" என்றேன்.

அவள் கட்டைப் பையைத் துழாவி
வோட்டர் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.
"அட்ரஸ் மட்டும் பழசு சார்.
அந்த வூட்ட இட்ச்சிட்டாங்கோ."

விளக்கைச் சாய்த்தேன்.
இந்த மாதிரிக் காசை நேராகப் பார்க்கக் கூடாது,
பார்த்தால் நம் மூஞ்சிதான் தெரியும்.
சரித்து, மெல்லத் திருப்பினால்
வெளிச்சம் வழுக்குகிற இடத்தில்
காயங்கள் எழுந்து நிற்கும்.
நின்றன.
முடியைவிட மெல்லியவை, நூற்றுக்கணக்கில்,
வட்டம் வட்டமாக,
பாத்திரம் விளக்குகிற கையின் சுற்று.
ராணியின் கன்னத்தில் இருந்திருக்க வேண்டிய பனி
போயே போய்விட்டது.

"சபீனா போட்டுத் தேய்ச்சேன் சார்.
கன்னங்கரேல்னு இருந்திச்சு. அரை அவரு."
பெருமையாகத்தான் சொன்னாள்.

அந்தக் கறுப்பைச் சரித்துப் பார்த்திருந்தால்
ஓரத்தில் புறாக் கழுத்தின் நீலமும் ஊதாவும் இருந்திருக்கும்.
நூற்றெண்பது வருஷம்
காற்று உட்கார்ந்து போட்ட பூச்சு.
அதற்கென்றே விலையை ஏற்றிக் கேட்கிறவர்கள்
பம்பாயில் இருக்கிறார்கள்.

சீட்டில் எழுதினேன்:
அடிப்பு முழுமை. புழங்கிய தேய்மானம் இல்லை.
எழுபதுக்கு எத்தனை என்கிற கட்டத்தில்
எண் போடாமல்
கழுவப்பட்டது.

"ஒன்பதாயிரம் போகும்."
தலையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை.
"தேய்க்காம இருந்தா?"

தராசைப் பார்த்தேன்.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது,
கீழே கிரைண்டர் ஓடினால் அப்படித்தான்.
சொல்லாமல் விட்டுவிடலாம்.
காசுக்கும் யோக்கியதைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு,
நாணயமாம்,
இந்த மொழியில் கடை நடத்துவது கஷ்டம்.
"ஒரு லட்சத்துக்குக் குறையாது" என்றேன்.

கச்சோரிக் கடையில் யாரோ
சில்லறை இல்லையென்று சண்டை போட்டார்கள்.
அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கறுப்பா, அழுக்கா எட்னு வந்திருந்தா
இந்தச் சேர்ல குந்த வெச்சிருப்பியா சார்?
எங்க திருடினேன்னுதான கேட்டிருப்ப?"

கீழே வாட்ச்மேனிடம் நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன்,
யாரை மேலே விடலாம், யாரை விடக்கூடாது என்று.
பதில் ஒன்று இருந்தது என்னிடம்.
அதையும் சரித்துப் பார்த்தேன்.
வைத்துவிட்டேன்.

காசை உள்ளங்கையில் போட்டு இறுக்கி மூடினாள்.
ஓரத்தைப் பிடிம்மா என்று வாயெடுத்தேன்.
எதற்கு.

போன பிறகுதான் கவனித்தேன், கார்டு மேசையிலேயே கிடந்தது.
லாமினேஷன் ஒரு மூலையில் வாய் பிளந்து,
போட்டோவில் கன்னம் வெளுத்து,
இல்லாத தெருவின் கதவு எண் மட்டும் பளிச்சென்று.
பழக்க தோஷம், ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தேன்.
படியிறங்கி ஓடி
"தேசம்மா!" என்று கத்தினேன்.

தங்கசாலையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
அவள் இல்லை.