இருபத்து மூன்று சவரன்

எம்.சி. ரோட்டு அடகுக்கடையில்
நகை நிறுக்கும் தராசில் வைத்தேன்
இரண்டு உறக்கப் பைகளையும்.
கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுக்கு நான் என்னம்மா தர்றது?"
ஒண்ணும் வேணாம், எடை மட்டும் சொல்லுங்க.

முகத்தில் வலை வைத்தது
நூற்று எண்பத்து நான்கு கிராம்.
தண்ணி புகாதது முந்நூற்றுப் பன்னிரண்டு.
பழக்கதோஷம், அவர் சவரனில் சொன்னார்:
இது இருபத்து மூணு, அது முப்பத்தொம்பது.
திருவொற்றியூர் வரன் கேட்டது முப்பது.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி.
சின்டெக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே
தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டினேன்.
மழைக்கு அது போதும்.
பை எதற்கென்றால்
பக்கவாட்டில் அடிக்கும் சாரலுக்கு,
தரையில் ஊறும் ஈரத்துக்கு,
கொசுவுக்கு,
தூக்கத்தில் தார்ப்பாயைத் தாண்டிப் போய்விடும்
என் காலுக்கு.

முதல் ராத்திரி கனமானது.
எப்சிபா மோட்டார் போட்டு
ஓஸைக் குறுக்கே பிடித்தாள்
தங்கச்சிக்கே உரிய சந்தோஷத்தோடு.
ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.
மூன்று மணிக்கு விழித்தால் தொப்பலாய் இருக்கிறேன்.
வெளியே போக வழியில்லாமல்
துணியில் முட்டி முட்டி
என் மூச்சே என்மேல் பெய்திருக்கிறது.

காலையில் அம்மா வந்து பார்த்தாள்.
ஸ்டான்லி பிணவறையில் பதினோரு வருஷ வேலை.
"ஜிப்பு நல்ல ஜிப்பு" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"மூஞ்சி வரைக்கும் போடாதடி."

மறுநாள் லேசானது.
வலை வழியே எல்லாம் வந்தது:
மணலி கம்பெனிப் புகை, காசிமேட்டு வாடை,
கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி
பெட்டி பெட்டியாய் இடித்துக்கொள்ளும் சத்தம்,
ஹார்பர் கிரேனின் சிவப்பு விளக்கு.
கொசு மட்டும் வெளியே நின்று பாடியது.
ஓஸ் அடித்ததில் கால்மாட்டில் ஒரு சாண் நனைந்தது.
விடிந்து வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிட்டது.

மலையில வெயில் ஏறலன்னா? என்றாள் எப்சிபா.
தெரியவில்லை.
ஈரச் சாக்ஸோடு நடப்பேன் என்று நினைக்கிறேன்.

கனமானதைத் திருப்பி அனுப்பினேன்.
மிஞ்சிய பதினாறு சவரனுக்கு
அவலும் உடைத்த வெல்லமும் கட்டிக்கொண்டேன்.
டூத் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்தபோது
வரன் வீட்டிலிருந்து மறுபடி போன்.

அம்மா ஸ்பீக்கரில் போடவில்லை.
இவள் பக்கம் மட்டும்தான் கேட்டது:

"இருபத்து மூணுதாங்க இருக்கு.
அதையும் அவளே தூக்கினு போறா."