கழித்தல் ஒன்று

கப்பல் தாமதம். மூடுபனி.
ஃபேரோ தீவுகளின் தென்கோடித் துறையில்
ஹால்கிரிம் குடையில்லாமல் நின்றிருந்தார்.
இந்தக் காற்றில் குடை விரிப்பவர் வெளியூர்க்காரர்.
காரில் ஏறியதுமே சொல்லிவிட்டார்:
"கரண்ட் போய் வந்தா அது தானா எழுந்துக்கணும்.
தினமும் ஒருத்தி வந்து என்டர் தட்டுறதுக்கா
இவ்வளவு விலைக்கு ஒரு கம்ப்யூட்டர்?"

ஆலைக் கதவுக்கு முன்பே
மீன் வாடை வந்து கைகுலுக்கியது.
வெட்டும் வரிசையின் தலைமாட்டில், தகரப் பெட்டிக்குள்,
எட்டு வயதான லினக்ஸ்.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு பெயர்.
கீழே எண்கள் இறங்கவில்லை.
வேறெங்கும் ஐந்து, நான்கு, மூன்று என்று
பொறுமை தேய்ந்து, பிறகு கெர்னலைக் கூப்பிட்டு
சாவியைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும் துவக்கி
இங்கே
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
'உள்ளே வா' என்ற சொல்லுக்காக நிற்கும்
விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

பென்டிரைவைச் செருகினேன்.
புது வட்டு. புது நிறுவல்.
பழையதைக் கழற்றுமுன் எப்போதும் நகல் எடுப்பேன்
(ஒழுக்கமெல்லாம் இல்லை, ஒருமுறை பட்ட சூடு).
காத்திருக்கும் நேரம்: பூஜ்யம்.
மறுதுவக்கம்.

விழுந்தது.
அப்படியொரு வட்டுப் பிரிவே இல்லை என்றது கிரப்,
சொல்லிவிட்டு மீட்புத் திரையில் கண்ணைச் சிமிட்டியது.
தப்பு என்னுடையதுதான்.
பழைய கோப்பிலிருந்து சோம்பலில் ஒட்டிய
முப்பத்தாறு எழுத்து அடையாளம்,
இடித்துவிட்ட வீட்டின் விலாசத்துக்கு
நானே அனுப்பிய ஆள்.

வேறு என்னவெல்லாம் ஒட்டினேனோ என்று
பழைய கோப்பை வரிவரியாகப் படித்தேன்.
இல்லையென்றால் படித்திருக்கவே மாட்டேன்.
ஒன்பதாவது வரி, முன்னால் ஹாஷ் குறி:

மாற்றாதே. பிப்ரவரி பதினொன்று.
கரண்ட் வந்தது. பெல்ட் ஓடியது.
சுன்வா, வலது கை. எய்யுன்.

அதன் கீழே
காத்திருக்கும் நேரம், கழித்தல் ஒன்று.

கிரப் மொழியில் அதற்குப் பொருள்
யாராவது தட்டும்வரை, எத்தனை நாளானாலும்.

எய்யுன் ஆறு வருடம் முன்பே நார்வே போய்விட்டானாம்.
ஹால்கிரிம் வந்தே இரண்டு வருடம்தான்.
எனக்கு அந்த அறையில் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

காபி அறையில் அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை.
கோப்பையை மூன்று விரல் பிடித்திருந்தது.
"பூஜ்யம் போடப் போறியாமே," என்றாள், கோபமில்லாமல்,
வானிலை கேட்பதுபோல.
நான் பதிலுக்கு ஏதோ முனகினேன்.
"தட்டுறதுக்கு முன்னாடி எண்ணுவேன்," என்றாள்.
"ஆளை இல்ல. கையை.
பதினாலு பேர்னா இருபத்தெட்டு,
எல்லாம் பெல்ட்டுக்கு வெளியே தெரியணும்.
ஒருநாள் இருபத்தேழுதான் இருந்தது.
ஒருத்தன் கையைப் பையில விட்டுக்கிட்டு நின்னான், முட்டாள்."
சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

திரும்பிப் போய்
விலாசத்தைத் திருத்தினேன்.
பூஜ்யத்தை அழித்தேன்.
எய்யுன் வரியை எழுத்து மாறாமல் ஏற்றி
அதன் கீழ் என் ஹாஷ் குறியைப் போட்டேன்:
நானும் கேட்டேன். இருக்கட்டும்.
ஹாஷ் குறி போட்ட வரியைக் கணினி படிப்பதில்லை.
தாண்டிப் போய்விடும்.
அடுத்து ஒரு கப்பலில் வந்திறங்கி
அவசரத்தில் இருக்கப்போகும் யாருக்கோ அது.

ஹால்கிரிமிடம் சொன்னேன்.
பில்லில் பாதி குறைப்பேன் என்றார்.
குறைத்தார்.

மாலைக் கப்பலுக்குக் கிளம்பும்போது
மின்சாரம் ஒருமுறை போய் வந்தது.
தகரப் பெட்டிக்குள் விசிறி சுழன்றது,
கறுப்புத் திரை, ஒரே ஒரு பெயர்.
பெல்ட்டில் பாதி வெட்டிய மீன்
அப்படியே கிடந்தது.
சுன்வா கையுறையை மாட்டிக்கொண்டு
வரிசையைப் பார்த்தபடி
மெதுவாக நடந்து வந்தாள்.