மேசை உயரம்

சனிக்கிழமை பத்து மணிக்குப் பதினொரு பிள்ளைகள்.
தார்த்து நூலகத்தின் கீழ்த்தளத்தில்
வைக்கேயும் நானும் பட்டியல் போடுகிறோம்.

அடுப்பு வேண்டாம். கமா மாவு, வெண்ணெய், தேன்,
பிசைந்து உருட்டினால் தின்பண்டம்.
ரூபெனுக்குக் கொட்டை ஆகாது,
இரண்டு முறை அடிக்கோடு.
ஹெலெரி பிசுபிசுப்பைத் தொடமாட்டாளாம்;
உருண்டைகளை எண்ணட்டும்.

முடிந்தது என்று எழுந்தபோது
பேனா உருண்டு விழுந்தது.
மண்டியிட்டு எடுத்து நிமிர்ந்தால்
மூக்கில் இடித்தது மேசை விளிம்பு.
அங்கிருந்து பார்க்க
கிண்ணங்களுக்கு வயிறு மட்டும்தான்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
தெரியவே இல்லை.

"இங்கே வா."
வைக்கேயும் மண்டியிட்டாள்.
முழங்கால் சொடுக்கியது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிறகு, முதல் வரிக்கும் மேலே
இடுக்கி எழுதினாள்:
தரைவிரிப்பு. பெரியது.
கறைக்கு அஞ்சாதது.