சார்ஜ் லைட்

மூணு பேர் பார்த்துக் கைவிட்ட வண்டி.
ராதாபுரத்தில் ஒருத்தன் பேட்டரியை மாற்றினான்.
வள்ளியூரில் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கார்பன் போட்டார்கள்.
நாங்குநேரிக்காரன் மட்டும் காசு வாங்காமல்
"கண்டுக்காதீரும் வே, ஓடுதுல்லா" என்றானாம்.

பிறகுதான் என் ஷெட்டுக்கு வந்தது,
திசையன்விளையில், நவ்வலடி ரோட்டில்,
தேரி மணல் ஸ்பேனரிலும் ஒட்டுகிற இடத்துக்கு.
உவரி ஆம்னி. பின்னால் மூணு ஐஸ் பெட்டி.
கதவைத் திறந்ததும் சாளை வாடை
மல்ட்டிமீட்டர் வரைக்கும் ஏறியது.

தொபியாஸ் சொன்னார்:
ராத்திரி மட்டும் எரியும்.
எரிஞ்சாலும் முழுசா எரியாது,
அணையப்போற பீடி மாதிரி.

குனிந்து பார்த்தேன். லைட்டே தெரியவில்லை.
மீட்டர் கண்ணாடியில், சரியாக அந்த இடத்தில்,
குழந்தையை ஏந்திய அந்தோணியார் ஸ்டிக்கர்.
"கித்தேரி ஒட்டுனது. அதைப் பாத்துப் பாத்து
எனக்குப் பிரஷர் ஏறுதுன்னு."

ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் வைத்தேன்.
பதினாலு புள்ளி ஒண்ணு. சார்ஜ் ஏறுகிறது.
இருட்டட்டும் என்று உட்கார்ந்தோம்.
ஏழு மணிக்கு ஹெட்லைட்டைப் போட்டேன்,
ஃபேனையும் போட்டேன்.
அந்தோணியார் அப்படியே இருந்தார்.
கையிலிருந்த குழந்தை மட்டும்
மெல்லச் சிவந்தது.

தொபியாஸ் தலைத்துண்டை அவிழ்த்தார்.

இந்த லைட்டைத் தப்பாகவே படிக்கிறார்கள்.
பேட்டரி போச்சு என்று அது சொல்வதில்லை.
ஒரு கால் சாவிப் பக்கம்,
ஒரு கால் ஆல்டர்னேட்டர் பக்கம்.
ரெண்டும் ஒரே மட்டத்தில் நின்றால்
அதற்கு வேலை இல்லை.
ஒரு பக்கம் தாழ்ந்தால்
தாழ்ந்த அளவுக்கு எரியும், அவ்வளவுதான்.

பேட்டரி பிளஸ்ஸில் ஒரு ஊசி,
சாவியிலிருந்து வரும் ஒயரில் ஒரு ஊசி.
ஹெட்லைட் இல்லாமல் புள்ளி மூணு.
போட்டதும் ரெண்டு புள்ளி நாலு.
வழியில் யாரோ கமிஷன் எடுக்கிறார்கள்.

மேட்டைத் தூக்கினேன்.
பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஐஸ் தண்ணி
பின்னாலிருந்து ஓடிவந்து
கால்மிதி ஓரத்து ஜாயிண்டில் நின்றிருக்கிறது.
டேப்பை உரித்தால் செம்பு இல்லை,
பச்சைப் பசேலென்று களிம்பு.
இழை எல்லாம் உதிர்ந்து, ரெண்டே ரெண்டு
மொத்த வண்டியையும் சுமந்துகொண்டிருந்தன.

வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்து,
தண்ணி எட்டாத உயரத்தில் கட்டினேன்.
ஹெட்லைட் போட்டேன். குழந்தை சிவக்கவில்லை.
முந்நூற்றைம்பது ரூபாய்.

ராத்திரி பத்தரைக்கு போன்.
"என்ன செஞ்சீரு? பிள்ளை முகத்துல வெளிச்சம் இல்லியே.
சீட்டுக் காசு கைக்கு வந்த ராத்திரி எரிஞ்சுது.
மகளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனமே,
பாளையங்கோட்டை வரைக்கும் எரிஞ்சுது."

களிம்பு என்று சொல்ல வாய் வரவில்லை.
"சாவியைப் போட்டுட்டு, ஸ்டார்ட் பண்ணாமப் பாருங்க.
எரியும். முன்னைவிடப் பளிச்சுன்னு எரியும்.
அதுதான் அதோட முறை."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு போனுக்குள், தூரத்தில்,
சாவி திரும்பியது.

பதினாறு நாள் கழித்து
கயிறு கட்டி இழுத்துவந்தார் தொபியாஸ்.
பேட்டரி அடியோடு இறங்கிக் கிடந்தது.
நான் மீட்டரைத் தேட, அவர் கையமர்த்தினார்.
"ரிப்பேர் இல்ல வே. விடியக்காலம் நாலு மணிக்கு
அம்பத்துமூணு மணி ஜெபமாலையும்
சாவி போட்டபடியேதான்."

தனியாக ஒரு குட்டி பல்பு போட்டுத் தரவா,
இழுக்கிறதே தெரியாது என்றேன்.
"அதையும் கேட்டாச்சு.
நாம சுவிச்சு வச்சு எரிஞ்சா
அது வெறும் லைட்டுதானாம்."

சார்ஜில் போட்டேன். ஆறு மணி நேரமாகும்.
பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.