ஆறாவது சிலிண்டர்

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
சரி.
எத்தனை எறும்பு, எத்தனை நாள்,
எந்தக் கல்?
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

வாசா நகரத்தில், மூன்றாவது மாடியில்,
சுமையைத் தூரத்தால் பெருக்கி
உலோகத்தின் கடினத்தால் வகுத்து
முன்னால் ஒரு சிறிய எண்ணை வைப்பேன்.
மாறிலி என்று அதற்குப் பெயர்.
எங்களுக்குத் தெரியாததையெல்லாம்
அதற்குள் போட்டுச் சாத்திவிடுவோம்,
விருந்தாளி வருமுன்
அழுக்குத் துணியை அலமாரிக்குள் தள்ளுவதுபோல.

‘ஹல்லா’, பனியுடைக்கும் கப்பல்.
டீசல் எஞ்சின், வரிசையாக ஆறு சிலிண்டர்.
நான்காவதன் உள்சுவர்தான்
முதலில் எல்லையைத் தொடும்,
பதினோராயிரத்து நானூறு மணி நேரத்தில்,
என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
வளைகோடு அழகாக வந்திருந்தது.
அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.
நானும்தான்.

தொண்ணூற்றெட்டு மார்ச், கெமி துறைமுகம்.
கடல் இன்னும் தரையாகவே கிடந்தது;
அதன்மேல் ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார்.
கீழே, எண்ணெய் வாடையில்,
நான்கின் மூடியைத் தூக்கி விளக்கை இறக்கினோம்.
பாய்ப் பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாய்
ஆலையில் கீறிவிட்ட கோடுகள்,
எண்ணெய் தங்குவதற்கென்றே போட்ட கோடுகள்,
ஒன்றும் அழியவில்லை.

“ஆறைத் திற” என்றாள் ரௌனி, தலைமைப் பொறியாளர்.
ஏன், என்ன தெரியும் உனக்கு?
“ஒன்றும் தெரியாது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்,
திறந்துதான் பார்ப்போமே.”

ஆறு பளபளவென்றிருந்தது.
முகம் பார்க்கலாம்.
பார்த்தேன்.
இந்தத் தொழிலில் மட்டும்
பளபளப்பு கெட்ட சேதி.

அளவுமானியை நுழைத்தேன்: கீழே, நடுவே, மேலே.
மேலே, எல்லையைத் தாண்டி ஒரு தலைமுடி அகலம்.

ஊர்போ ஒரு குழாயைச் சாவியால் தட்டினான்.
குளிர்நீர் முதலில் நுழைகிற இடம்.
பனியை இடி, பின்வாங்கு, நில்.
மறுபடி இடி.
நிற்கிற ஒவ்வொரு தடவையும்
மற்ற ஐந்தும் சூட்டைப் பொத்தி வைத்துக்கொள்ள
ஆறு மட்டும் ஆறிப்போகிறது.
எரிந்த எண்ணெயின் கந்தகம்
குளிர்ந்த சுவரில் அமிலமாய் வியர்க்கிறது.
உரச ஆளே வேண்டாம்.

ஓடிய மணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் நான்.
அது நின்ற மணிகளில் தேய்ந்திருக்கிறது.
என் சமன்பாட்டில்
காத்திருத்தலுக்கு ஓர் எழுத்து இல்லை.

புது உறை இறங்கியபின்
ரௌனி பதிவேட்டைத் திறந்தாள்.
“அடுத்தது எப்போது?”
தேய்பிறை என்றால் நாள் குறித்துத் தரலாம்.
இது இரும்பு.
இரண்டு தேதிகள் சொன்னேன்,
நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் இடைவெளி விட்டு.
அவள் சிரிக்கவில்லை.
மேசையில் கிடந்த பேனாவை ஒதுக்கிவிட்டு
பையைத் துழாவி
ஒரு பென்சிலை எடுத்தாள்.