எழுபத்தெட்டு கிலோ

வத்தலக்குண்டில் ஆரம்பித்தது ஓசூர் மாற்றல்.
பெரியகுளம் வருவதற்குள்
அவன் அக்கா, என் அப்பா,
இரண்டு வருடத்துக்கு முந்தைய வாஷிங் மெஷின் என்று
எங்கெங்கோ சுற்றிவிட்டுக்
கும்பக்கரையில் இறங்கும்போது
பேச்சு நின்றிருந்தது.

மலையேற இதுவும் வசதிதான்.
மூச்சு மிச்சம்.

பங்குனி. ஓடையில் தண்ணீர் இல்லை,
தண்ணீர் இருந்துபோன வழவழப்பு மட்டும்.
இருபக்கமும் பாறை எழும்பி
வானத்தை ஒரு நாடா அகலத்துக்கு நறுக்கி வைத்திருந்தது.
கயிறு என் முதுகில்,
கூடாரமும் அடுப்பும் அவன் முதுகில்.
இடுப்புக் கொக்கிகள் நடைக்கு நடை கிலுங்க
எதிரே இறங்கிவந்த பொதிக்குதிரை
தன் மணியா எங்கள் மணியா என்று குழம்பி
ஒரு கணம் நின்றது.

வெள்ளகெவிக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை.
எல்லையில் பூட்ஸைக் கழற்றிக்
கழுத்தில் மாட்டிக்கொண்டோம்.
அவன் இடது சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
கடுங்காப்பி கொடுத்த பெண் கேட்டாள்:
"புதுசா கல்யாணம் ஆனவங்களா?"
"ஏங்க்கா?"
"இல்ல, ரெண்டு பேரும் பேசிக்கிடவே இல்லையே."

ராத்திரி கூடாரத்தில்
அவரவர் டார்ச், அவரவர் போர்வை.
சரிவில் எங்கோ குரைத்தது.
"கேளையாடு" என்றேன் இருட்டைப் பார்த்து.
"ம்" என்றான்.
அதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

ஆனால் கயிற்றில் பேசாமல் இருக்க முடியாது.
அதற்கென்று சில வார்த்தைகள் உண்டு.
பிடிச்சாச்சா.
பிடிச்சாச்சு.
ஏறவா.
ஏறு.
தளர்த்து.
இழு.
காலையில் அவற்றை மட்டும் செலவழித்தோம்,
ரேஷன் மாதிரி.

இன்னாசி திண்டுக்கல்லில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன்.
எந்த எடைக்கு எந்த எடை என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.
அவன் எழுபத்தெட்டு கிலோ.
நான் ஐம்பத்தொன்று, பூட்ஸோடு.
தெரிந்துதான் ஏறினான்.
தெரிந்துதான் பிடித்தேன்.

நான்காவது கொக்கிக்கு மேலே
பாறை லேசாக வயிறு தள்ளும் இடத்தில்
வலது கை தேடியது,
தேடியது,
பிறகு விட்டது.

அவன் கீழே வந்தான்.
நான் மேலே போனேன்.
யாரோ பின்பக்கமாகத் தூக்கிவிட்ட மாதிரி
மண்ணைவிட்டுப் பறந்துபோய்
ஏழடி உயரத்தில் நின்றேன்.
நிற்கவில்லை, ஊஞ்சலாடினேன்.
எனக்கு நேர் எதிரே,
மூக்கு சிராய்த்து,
புருவமெல்லாம் வெள்ளைப் பவுடரோடு
அவன் முகம்.
இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்து
எத்தனை நாள்.

இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம்.
அவன் வாய் திறந்தான்.
"அடுப்ப அணைச்சியா?"

அப்போதுதான் எனக்கும் வந்தது,
உப்புமா கருகும் வாசனை.

அவன் முதலில் இறங்கினால்தான்
நான் இறங்க முடியும்.
அவனை இறக்க வேண்டியது என் கை.
இறக்கினேன்.
கால் தரையில் பட்டதும்
முடிச்சை அவிழ்க்காமலே அடுப்பைப் பார்த்து நடந்தான்.
அவன் ஓரடி வைக்க
நான் ஒரு சாண் ஏறினேன்.
இன்னோர் அடி,
இன்னொரு சாண்.
"யோவ் நில்லுய்யா" என்று கத்தினேன்.
பள்ளத்தாக்கு
"யோவ் யோவ்" என்றது.

குனிந்து அணைத்தான்.
மேலேயிருந்து பார்க்கையில்
அவன் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு
வழுக்கை.
ஒன்பது வருடத்தில் பார்த்திராத இடம்.
அவன் உயரத்துக்கு
நான் எங்கே அதைப் பார்ப்பது.

"ஓசூர்ல யாருடி இத அணைப்பா"
என்றான், சட்டியிடம் சொல்வதுபோல்.
பிறகு நிமிர்ந்து
கயிற்றைப் பிடித்துக்கொண்டு,
"தளர்த்து. எறங்கு."

கொஞ்ச நேரம்
நான் தளர்த்தவில்லை.