கைப்பிடி வைத்த நாற்காலி

மாநாட்டுக்கு முந்தின இரவு
தஞ்சோங் பகார் ஹோட்டலின் அடித்தளத்தில்
கொடிகளுக்கு இஸ்திரி போட்டோம்
நானும் அஸ்லினாவும்.

மூன்று மணிக்கு வந்தான்
வளர்கிற நாட்டின் முன்குழுப் பையன்,
கையில் அளவு நாடா.
தன் தலைவரின் நாற்காலியை அவன் அளக்கவில்லை.
பழைய வல்லரசின் நாற்காலியை அளந்தான்.
"இதை எங்கள் பக்கம் இழுங்கள்.
கைப்பிடி வைத்ததாகப் போடுங்கள்.
அவருக்கு முழங்கால் வலி."

எனக்கு மனசு இளகிவிட்டது.
அஸ்லினா சிரித்தாள்:
"எழும்போது தாங்க
எந்தக் கை நீளும், பார்.
எத்தனை கேமரா அதைப் பார்க்கும், பார்."

இன்னொரு பழைய நாடும் உண்டு.
அதன் பெயர்ப்பலகையைத் தானே தூக்கி
சமையலறைக் கதவோரம் வைத்தான்.
அதன் துறைமுகம் போன மாதமே
குத்தகைக்கு வந்துவிட்டதாம்.

விடியலில் முப்பதாம் மாடிக்குக் கொடி கொண்டுபோனேன்.
நீரிணையில் ஒரு புதுக் கப்பல்
துருப்பிடித்த எண்ணெய்க் கப்பலை முந்துகிறது,
மெல்ல, நிறைய இடம் விட்டு.
உரசுகிற கிட்டத்தில் முந்தினால்
தண்ணீரே இரண்டையும் சேர்த்து இழுக்கும் என்பான்
பைலட் படகு ஓட்டும் என் மச்சான்.
இடம் விடுவதற்குப் பெயர்
மரியாதை இல்லையாம்.

கீழே இறங்கி
கதவோர மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்தேன்.
பட்டியலில் அது இல்லை.